சீட் கவருக்கு அடியில்

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும். உங்கள் முதலாண்டு நினைவு மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச்சொல்லி உங்கள் மகள் கேட்டிருக்கிறாள். "மாமா, அப்பாவைப் பத்தி நீங்க எழுதுனாத்தானுங்க நல்லா இருக்கும்" என்றாள். அந்தப் பக்கத்தை நான் எழுதப்போவதில்லை. அதற்குப் பதிலாக உங்களுக்கே எழுதுகிறேன். நீங்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்று தெரியும். இருந்தபோது மட்டும் நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டீர்களா என்ன.

போன வாரம் ரயிலடியிலிருந்து வீட்டுக்கு வர ஒரு கால் டாக்சி பிடித்தேன். புத்தம் புதிய வண்டி. கதவைத் திறந்ததுமே ரெக்சினும் பசையும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. உங்கள் கடை வாசனை. ஒரு காலத்தில் எனக்குப் பிடித்திருந்தது. இப்போது பிடிப்பதில்லை. பின் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்தேன். அதன் நாக்கைச் செருகும் பக்கிள் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று சீட் கவர்தான் இருந்தது.

ஓட்டுநர் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சிரித்தார். "உடுங்க சார். பின்னாடி உக்காந்துட்டு பெல்ட் எதுக்குங்க? இந்த மாடல்ல பின் சீட்டுக்கும் கீ கீன்னு சத்தம் போட்டுட்டே இருந்துச்சு. கணபதி ஏரியாவுல ஒரு கடையில உட்டேன். பக்கிள்ல கிளிப்பைச் சொருகி, அதும்மேலயே கவரைப் போட்டுத் தெச்சுக் குடுத்துட்டாங்க. இப்பக் கம்முனு கெடக்குது பாருங்க."

முன் சீட்டின் முதுகில் சிவப்பு நூலில் பெயர் போட்ட துணி லேபிள். உங்கள் லேபிள். நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. கடை நிற்கவில்லை, அந்த வேலையும் நிற்கவில்லை.

நாம் இருவரும் பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வயது ஒன்றுதான் என்றாலும் முதல் நாளிலிருந்து ஒருவரை ஒருவர் 'ங்க' போட்டே பேசினோம். நான் மேலே படித்து ஆட்டோமொபைல் பாடம் நடத்தப் போனேன். நீங்கள் கணபதியில் சீட் கவரும் கார் அலங்காரச் சாமான்களும் விற்கும் கடை போட்டீர்கள். நான் உங்களுக்கு வாத்தியார், நீங்கள் எனக்கு மொதலாளி. கல்லூரி விட்டால் உங்கள் கடை ஸ்டூல்தான் எனக்கு இடம். தையல் எந்திரச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டும். அதனால்தானோ என்னவோ நம் பேச்சு எப்போதும் சண்டை மாதிரியே இருந்தது.

அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் இந்த நாட்டின் கார் பாதுகாப்புச் சட்டங்களின் வரலாற்றை நான் படித்தேன். வகுப்பில் நான் நடத்தியது பாதிதான். விதி டெல்லியில் பிறந்து உங்கள் கடை வாசலுக்கு வந்து சேரும்போது அதற்கு என்ன கதி ஆகிறது என்பது மீதிப் பாதி.

முதலில் முன் சீட்டு பெல்ட் கட்டாயமாயிற்று. தேய்த்த வெள்ளைச் சட்டை கசங்குகிறது என்று வந்தவர்களுக்கு நீங்கள் பெல்ட்டையே கழற்றிக் கொடுத்தீர்கள். கழற்றியதை மேல் கேரியரில் மூட்டை கட்ட வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். "கவர்மெண்டே குடுத்த கயிறுங்க வாத்தியாரே, அந்து போவாது" என்றீர்கள். நானும் சிரித்தேன். பிறகு பின் சீட்டுக்கும் பெல்ட் போட வேண்டும் என்று விதி வந்தது. அது வந்ததே ஊரில் யாருக்கும் தெரியாது. சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர் முன் கண்ணாடி வழியாக மட்டும்தான் எட்டிப் பார்ப்பார். கார் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் கூடாது என்றார்கள். ஒட்டியவரும் நீங்கள், உரித்தவரும் நீங்கள். ஏர்பேக் வந்தது. வண்டிக்கு முன்னால் இரும்புக் கம்பி மாட்டக் கூடாது என்ற தடை வந்தது. கம்பி இருந்தால் மோதலின் வேகம் சென்சாருக்குச் சரியாகப் போய்ச் சேராது, காற்றுப் பை விரிய வேண்டிய நேரத்தில் விரியாமல் போகலாம் என்று டீ கிளாஸை மேசைமேல் இடித்து இடித்து உங்களுக்கு விளக்கினேன். எல்லாம் கேட்டுவிட்டு, "ஆனா கம்பி இருந்தாத்தானுங்க வண்டிக்கு ஒரு தோரணை" என்றீர்கள். கம்பிகள் கடை முகப்பிலிருந்து பின்கட்டுக்குப் போயின. அவ்வளவுதான் அந்தச் சட்டத்தால் நகர்ந்தது.

பின்னாளில் வண்டிகளே பேச ஆரம்பித்தன. முன் சீட்டில் பெல்ட் போடாவிட்டால் சத்தம். வேகம் கூடினால் சத்தம். பின்னோக்கி எடுக்கும்போது ஏதாவது குறுக்கே வந்தால் சத்தம். அந்தக் கடைசிச் சத்தத்தை மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லி வரவில்லை. அது பெயிண்டைக் காப்பாற்றுகிறதல்லவா. மற்றவற்றுக்கு உங்களிடம் மருந்து இருந்தது. பெல்ட் சத்தத்துக்குக் கிளிப். பெல்ட்டின் நாக்கு மாதிரியே ஒரு தகடு. பக்கிளில் செருகிவிட்டால் ஆள் பெல்ட் போட்டுவிட்டதாக வண்டி நம்பிக்கொள்ளும். உங்கள் கடைக் கிளிப்பில் வேல் பொறித்திருக்கும்.

"ஏனுங்க வாத்தியாரே, உங்க கவர்மெண்டு ஒவ்வொரு காருக்குள்ளயும் ஒரு மாமியாளைக் குடி வெச்சிருக்குதுங்க. நான் அந்தம்மாளுக்கு ஒரு வாய்ப்பூட்டுப் போட்டுடறேன், வேற ஒண்ணும் பண்றதில்லீங்க" என்பீர்கள். என் மனைவி ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "ஏனுங்ணா, அந்த வாய்ப்பூட்டு எங்க ஊட்டுக்கும் ஒண்ணு குடுங்க. இவரு நின்னாலும் பெல்ட்டு, உக்காந்தாலும் பெல்ட்டுங்கறாரு" என்றாள். கடையே சிரித்தது.

கேலி செய்தாளே தவிர, பழைய வண்டியில் ஏறினால் எனக்கு முன்பே அவள் பெல்ட்டை மாட்டியிருப்பாள். மாட்டிவிட்டு, 'உங்களுது எங்கீங்க வாத்தியாரே' என்று உங்கள் குரலிலேயே கேட்பாள். பெல்ட் இல்லாமல் உட்கார அவளுக்குக் கூசும். இது உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் புது வண்டி எடுத்தபோது சீட் கவர் உங்கள் அன்பளிப்பு என்றீர்கள். பிஸ்கட் நிறத்தை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். வேலை முடிந்த மாலை அவளோடு வந்து பார்த்தேன். பின் சீட்டு மெத்தைபோல இருந்தது. பக்கிள்கள் மூன்றும் கவருக்கு அடியில் போய்விட்டிருந்தன. உங்கள் தையல்காரர்கள் எல்லா வண்டிக்கும் அப்படித்தான் தைத்தார்கள். பின் சீட்டில் பக்கிளைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை. நான் கேட்டேன். மேசைமேல் இருந்த பிளேடை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் குனிந்தேன். பின்னாலிருந்து என் கையைப் பிடித்துவிட்டீர்கள்.

"ஐயோ, என்னங்க வாத்தியாரே! பூசை போடாத வண்டிங்க. புது வண்டியில மொதல்ல பிளேடு படலாமுங்களா? ஞாயித்துக்கெழம சென்னிமலைக்குப் போயி எலுமிச்சம்பழத்து மேல ஏத்திப்போட்டு வாங்க. திங்கக்கெழம நானே என்ற கையால ஓட்டை போட்டுத் தாறேன்."

தையல்காரர்கள் தலையாட்டினார்கள். பக்கத்துப் பேட்டரிக் கடைக்காரரும் வந்து தலையாட்டினார். "அண்ணன் சொல்றது சரிதானுங்களே" என்றாள் அவள். பூசைக்கு முன் புது வண்டியில் கத்தி வைக்கும் ஆள் நம் பக்கத்தில் யாரும் இல்லை. பிளேடை மேசைமேல் திரும்ப வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்களும் எங்களோடு வந்தீர்கள். அவள் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்க முன்னாடி உக்காருங்ணா" என்றாள். விருந்தாளியைப் பின்னால் உட்கார வைக்க அவளுக்கு மனம் வராது. வண்டி நகர்ந்ததும் உங்கள் சீட்டுக்காகச் சத்தம் போட்டது. நீங்கள் பையிலிருந்து வேல் கிளிப்பை எடுத்தீர்கள். இந்த வண்டியில் அது வேண்டாம் என்றேன். "சட்டையெல்லாம் கசங்கிப் போயி சாமி முன்னாடி நிக்கோணுமுங்களா?" என்று முனகிக்கொண்டே பெல்ட்டை மாட்டினீர்கள். உங்களைப் பெல்ட் போட வைத்தது நான். அதை நீங்கள் பின்னால் ஒரு மேடையிலும் சொன்னதில்லை.

மலையில் பூசை நன்றாகவே நடந்தது. அடிவாரத்தில் அவள் பிறந்த வீட்டில் சாப்பாடு. அத்தை தங்கள் தறியில் நெய்த போர்வைகளைக் கட்டாகக் கட்டி மகளுக்குப் பக்கத்தில் வைத்தார். நீங்கள் முன்னால், அவள் உங்களுக்கு நேர் பின்னால். வரும்போதே கவருக்குள் துழாவிப் பார்த்தவள், திரும்பும்போதும் விடவில்லை.

"அண்ணா, இந்தக் கவரு எந்தப் பக்கமுங்ணா பிரியும்? பக்கிளு கைக்கு அம்படவே மாட்டீங்குது."

நீங்கள் தலையைத் திருப்பவில்லை. "நாளைக்குத்தான் ஓட்டை போடறோமே அம்மணி. பின்னாடி உக்காந்தவங்களை யாரு புடிக்கப் போறாங்க? சும்மா சாஞ்சு உக்காரு கண்ணு."

ஓரமாக நிறுத்தட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமுங்க, நீங்க ஓட்டுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள். ரெக்சினை நகம் பிறாண்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தது. சட்டம் அப்போது முன் சீட்டுக்கு மட்டும்தான் வாய் கொடுத்திருந்தது. அவளுக்காக வண்டி ஒரு சத்தமும் போடவில்லை.

அவிநாசிக்குச் சற்று முன்னால், சாலை நடுவே சுவரில் விட்டிருந்த இடைவெளி வழியாக ஒரு மொபெட் குறுக்கே வந்தது. அதை விட்டு ஒதுங்க ஒடித்தேன். ஓரத்தில் நின்ற லாரியின் பின்புறத்தில் போய் மோதினோம். நம் இருவர் முன்னாலும் வெள்ளைப் பை விரிந்தது. எனக்கு மணிக்கட்டில் தீய்ந்த தழும்பு, வேறொன்றும் இல்லை. பின்னாலிருந்து அவள் உங்கள் சீட்டின்மேல் வந்து விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் போய்விட்டாள்.

உங்கள் தோளில் எலும்பு விட்டுப்போயிருந்தது. பையும் பெல்ட்டும் உங்களைக் காப்பாற்றின. அந்தத் தோள் பின்னாலிருந்து வந்த அடியில் போனது. சாகும்வரை மழைக்காலத்தில் அந்தத் தோள் வலிக்கிறது என்பீர்களே, அந்த வலி அவள்தான்.

மறுநாள் என் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. நான் உள்ளறையில் சுவரோடு சாய்ந்து கிடந்தேன். ஜன்னலுக்கு வெளியே உங்கள் குரல் கேட்டது. கையைக் கழுத்தில் தூளி கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு அவளுடைய சொந்தக்காரர்கள் நடுவே உட்கார்ந்திருந்தீர்கள்.

"நான் சொல்லிப்போட்டேனுங்க. பெல்ட்டைப் போட்டுக்க அம்மணின்னு ரெண்டு தடவ சொன்னேன். சிரிச்சுட்டு உட்டுட்டாளுங்க. கேட்டிருந்தா இன்னிக்கு இப்பிடி ஆயிருக்குமுங்களா?"

அத்தை ஓவென்று அலறியது எனக்குக் கேட்டது. எழுந்து வெளியே வந்து உங்கள் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். சாவு வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் நான். பயத்தில் உளறுகிறார், நாலு நாள் போனால் அவரே வந்து உண்மையைச் சொல்வார் என்று நினைத்தேன். நீங்கள் வந்தீர்கள். ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வந்தீர்கள். நான் "வாங்க" என்றேன். நீங்கள் "சாப்டீங்களா?" என்றீர்கள். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் எப்போதுமே இல்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, நசுங்கிய வண்டி நின்றிருந்த பட்டறைக்குப் போனேன். அங்கேயே ஒரு பிளேடு கேட்டு வாங்கிப் பின் சீட்டுக் கவரைக் கிழித்தேன். இந்தமுறை கையைப் பிடிக்க ஆள் இல்லை. பக்கிள்கள் கம்பெனி போட்ட மெல்லிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் புதுசாக இருந்தன. கவரின் ஓரத் தையல் நெடுக வெள்ளையாக விரல் தடங்கள். கோயில் திருநீறு. மலையிலிருந்து கையோடு வந்த திருநீறு. ஒரு இடத்தில் தையல் நூல் ஒன்று விட்டிருந்தது. அவள் அங்கே விரலை நுழைத்துப் பார்த்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தால் பிரிந்திருக்கும். உங்கள் கடைத் தையல் உறுதியானது.

அந்தத் துண்டை வெட்டி எடுத்துவந்தேன்.

அதன்பிறகு நீங்கள் செய்ததைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் உங்களை மேடையேற்ற ஆரம்பித்தார்கள். விபத்தில் பிழைத்தவர், அனுபவஸ்தர். என் கல்லூரிக்கே வந்தீர்கள். எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் பதவியில் உட்கார்ந்துகொண்ட மனிதர்தான் உங்களைக் கூட்டிவந்தார். அவர் கணக்கு எனக்குத் தனியாக இருக்கிறது. அரங்கத்தில் என் மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து, "என்ற கூடப்பொறக்காத தங்கச்சி ஒருத்தி" என்று ஆரம்பித்தீர்கள். பந்தலில் ரெண்டு தடவை சொன்னது அங்கே கெஞ்சியதாக ஆகியிருந்தது. "கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னேன் கண்ணுகளா, கேக்கலியே" என்று குரல் தழுதழுத்தது. தோளைத் தொட்டுக் காட்டினீர்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இரக்கத்தோடுதான் பார்த்தார்கள். சொன்ன சொல் கேட்காத பெண்டாட்டியால் தனியாகிப்போன மனுஷன். உங்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நானும் கைதட்டினேன். முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு வேறு என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அன்று மாலையும் உங்கள் கடையில் கிளிப் விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள். அதை விற்கவே கூடாது என்ற உத்தரவு வந்த பிறகும் கல்லாவுக்குக் கீழே வைத்து விற்றீர்கள்.

நீங்கள் பயந்து சொன்ன முதல் பொய்யை நான் மன்னித்திருப்பேன். கடை, பெயர், கல்யாண வயதில் மகள். பயப்பட ஒரு மனுஷனுக்குக் காரணமா இல்லை. ஆனால் அந்தப் பொய்யை ஊர் ஊராகக் கொண்டுபோய் வளர்த்தீர்கள். அது அத்தை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வருஷா வருஷம் திதிக்கு இங்கே வருகிறார் அத்தை. இலை போடும்முன் மகள் படத்துக்கு முன்னால் போய் நிற்பார். "அந்தண்ணன் அத்தன கெஞ்சுனாராமா சாமி. ஒரு பேச்சுக் கேட்டிருக்கலாமல்லொ? அத்தன என்ன புடிவாதம் உனக்கு?" என்று திட்டுவார். பெற்றவள் செத்துப்போன பிள்ளையைத் திட்டுகிறாள். வேலைக்காரிக்கும், பேத்தி முறைக்காரிகளுக்கும், "என்ற புள்ளையாட்டம் இருந்தறாதீங்க" என்று புத்தி சொல்கிறார். நான் இலைமுன் உட்கார்ந்து பிசைந்துகொண்டிருப்பேன். அந்த வீட்டில் அவளைப் பற்றி இனிமேல் சொல்லப்போவது அது ஒன்றுதான் என்று ஆக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள்.

அதையும் பொறுத்தேன். நீங்கள் படுக்கையில் கிடந்தபோது வந்து பார்த்தேன். அறையில் நாம் இருவர் மட்டும் இருந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாத்தியாரே..." என்றீர்கள். சொல்லப்போகிறீர்கள் என்று குனிந்தேன். "கடையைப் புள்ள பாத்துக்குவாளுங்களா?" என்று கேட்டீர்கள். பார்த்துக்குவாள் என்றேன்.

இப்போது உங்கள் மகள் மலரின் பக்கங்களைக் கைபேசிக்கு அனுப்பியிருக்கிறாள். அவள்மேல் குற்றமில்லை, அப்பா சொன்னதைத்தான் அச்சடிக்கிறாள். நடுப்பக்கத்தில் உங்கள் மேடைப் பேச்சு. தலைப்பு: 'சொல் கேளாத தங்கை'. கீழே, பொன்னாடையோடு நீங்கள். அதற்கு எதிர்ப்பக்கத்தைத்தான் எனக்காகக் காலியாக விட்டிருக்கிறாள்.

டாக்சியில் நான் என்ன செய்தேன் என்று சொல்லவில்லையே. பட்டறைக்குப் போய்வந்த நாளிலிருந்து என் சட்டைப் பையில் ஒரு சிறு கத்தி இருக்கிறது. எடுத்துத் தையலைக் கீறினேன். "ஏனுங் சார்! புதுக் கவருங்க! உங்களுக்குப் பைத்தியமாங்க?" என்று ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கத்தினார். உள்ளே கைவிட்டுக் கிளிப்பை உருவினேன். உடனே வண்டி கத்த ஆரம்பித்தது. அவரும் வண்டியும் சேர்ந்து கத்தினார்கள். நான் பெல்ட்டை மாட்டினேன். வண்டி கத்துவதை நிறுத்திவிட்டது. அவர்தான் என் வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

கிளிப் இப்போது மேசைமேல் இருக்கிறது. வேல் பொறித்ததுதான். இதை உறையில் வைக்கிறேன். ரெக்சின் துண்டைத் தர மாட்டேன். அதிலிருந்த திருநீறு உதிர்ந்து எவ்வளவோ காலமாயிற்று. ஆனால் எந்த விரல் எங்கே பட்டது என்று எனக்குத் தெரியும். விளக்கே இல்லாமல் தொட்டுச் சொல்வேன். என்னிடம் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

இந்த மடல் கடை விலாசத்துக்கு, உங்கள் மகள் கைக்குப் போகிறது. மலர் அச்சேறும்முன் போய்ச் சேர்ந்துவிடும். என் மனைவி பக்கிளைத் தேடினாள், அவள் தேடிக்கொண்டேதான் இருந்தாள் என்பது ஒருவருக்காவது தெரிய வேண்டும். அத்தைக்கு எழுத்து தெரியாது; அவரிடம் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். விபத்துக்குப் பிறகு சென்னிமலைப் பக்கம் நான் தலைவைத்துப் படுத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போகிறேன்.

அடியில் பெயர் போடலாமா என்று பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். படித்ததுமே யார் எழுதியது என்று உங்கள் மகளுக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும். ஆனால் பெயர் போட்டால் அது பதில் கேட்கும் கடிதம் ஆகிவிடும். பழம் வாங்கிக்கொண்டு வருவாள். வாசலில் நின்று "மாமா" என்பாள். நான் "வா கண்ணு, உக்காரு" என்பேன். அழுவாள். "உடு கண்ணு, போனது போச்சு" என்று என் வாய் சொல்லிவிடும். எனக்கு வேறு மாதிரிப் பேச வராது. காபி கொடுத்து அனுப்புவேன். நடுப்பக்கம் அப்படியே அச்சாகும்.

அதனால் பெயர் போடவில்லை. அனுப்புநர் இடத்தையும் காலியாக விட்டு, இதை இப்படியே கொண்டுபோய்த் தபாலில் போடப்போகிறேன்.